செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படுதல்

செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படுதல் என்பது, தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டுப் பகுதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள், நிலை, கதவு, தூண், உத்திரம், ஓடு, கல் என்று தனித்தனியாகக் கழற்றப்பட்டு விற்கப்படுவதைக் குறிக்கும். இந்த வீடுகளை ஒரேயடியாக இடித்துத் தள்ளுவதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விலை இருப்பதால், சேதமில்லாமல் கழற்றி எடுத்த பிறகே சுவரை இடிக்கிறார்கள். இதனால்தான் உள்ளூர் வழக்கில் "வீட்டை இடிக்கிறார்கள்" என்பதைவிட "வீட்டைப் பிரிக்கிறார்கள்" என்று சொல்வது உண்டு.

ஏறத்தாழ 1850 முதல் 1940கள் வரை கட்டப்பட்ட இவ்வீடுகள், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இருந்து படிப்படியாகக் குறைந்து வருகின்றன. குடும்பங்களின் வணிக வருவாய் நின்றுபோனது, வாரிசுகளின் எண்ணிக்கை பெருகியது, பராமரிப்புச் செலவு, பழம்பொருள் சந்தையில் உள்ள விலை, தனியார் வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவாக இருப்பது ஆகியவை இதற்கு முதன்மையான காரணங்கள்.

செட்டிநாடும் நகரத்தாரும்

செட்டிநாடு என்பது அரசு வரையறுத்த நிருவாகப் பிரிவு அன்று. நகரத்தார் வாழ்ந்த ஊர்களின் தொகுதிக்கே அப்பெயர் வழங்குகிறது. காரைக்குடியும் தேவகோட்டையும் இதன் பெரிய நகரங்கள். மரபுப்படி 96 ஊர்கள் இருந்தன என்பர். யுனெசுக்கோவின் தற்காலிகப் பட்டியலுக்கான குறிப்பு, சுமார் 1,550 சதுர கிலோமீட்டர் பரப்பில் 73 கிராமங்களும் 2 நகரங்களும் எஞ்சியிருப்பதாகக் கூறுகிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களைச் சேர்ந்தோராக நகரத்தார் தம்மைப் பகுத்துக்கொள்கின்றனர்.

இப்பகுதி மழை குறைந்த, பெரிய ஆறு எதுவும் வளப்படுத்தாத நிலம். இங்கே எழுந்த மாளிகைகளுக்கான பணம் உள்ளூர் வேளாண்மையில் இருந்து வரவில்லை. பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர், இந்தோசீனா ஆகிய இடங்களில் நகரத்தார் நடத்திய கடன் தொழிலிலும் வணிகத்திலும் இருந்து வந்தது. கணவன்மார் மூன்று ஆண்டுத் தவணையில் கடல் கடந்து சென்று வருவர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஊரில் இருப்பர். ஆகவே வீடு என்பது குடியிருக்கும் இடமாக மட்டுமன்றி, திருமணம் முதலிய சடங்குகள் நடக்கும் மண்டபமாகவும், கணக்கு எழுதும் அலுவலகமாகவும், சீர்வரிசைப் பொருள்களைக் காக்கும் கிடங்காகவும் பயன்பட்டது.

வீட்டின் அமைப்பு

செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்று பார்த்தால், அடுத்தடுத்த நிலைவாசல்கள் வழியாகப் பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் பார்வை செல்லும். முன்பகுதி முகப்பு எனப்படும். திண்ணைகளும் தூண்களும் கொண்ட இப்பகுதியில்தான் விருந்தினரை வரவேற்பதும் வணிகம் பேசுவதும் நடைபெறும். அதை ஒட்டிப் பட்டாலை என்னும் கூடம் இருக்கும்.

முகப்பைக் கடந்தால் வளவு வரும். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசையுடன் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள் என்பது இதன் அமைப்பு. மணமான ஒவ்வொரு மகனுக்கும் இங்கே ஓர் அறை ஒதுக்கப்படும். அந்தப் புள்ளியின் பொருள்கள் அவ்வறையில் பூட்டி வைக்கப்படும்; படுப்பதும் உண்பதும் பொதுவான இடங்களில். வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டும், அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும் இருக்கும்.

கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீர் முற்றத்தில் வந்து விழும். அதைப் பாத்திரங்களில் பிடித்துக்கொண்டது போக, மிஞ்சிய நீர் நிலத்தடி வடிகால் வழியே வெளியேறித் தெருக் கால்வாய்களைச் சேர்ந்து ஊரணிக்குச் செல்லும். வறண்ட நிலத்தில் இவ்வளவு பெரிய ஊர்கள் நிலைத்ததற்கு வீடு, தெரு, ஊரணி ஆகிய மூன்றும் இப்படி இணைந்திருந்ததும் ஒரு காரணம்.

கட்டுமானப் பொருள்கள்

தூண், உத்திரம், கதவு, நிலை ஆகியவற்றுக்குப் பர்மாத் தேக்கு பெருமளவில் பயன்பட்டது. இலங்கையில் இருந்து முதிரை மரம் வந்தது. இத்தாலியப் பளிங்கு, சப்பான் மற்றும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஓவிய ஓடுகள், பெல்சியக் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு ஆகியவை கப்பலில் வந்து சேர்ந்தன. உள்ளூர்ப் பொருள்களும் குறைவில்லை. ஆத்தங்குடியில் செய்யப்படும் தரைக்கல், கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தப்படுவது.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டன. அதன் மேல் பல அடுக்காகச் சுண்ணாம்புப் பூச்சு இடப்படும். கடைசி அடுக்கில் நன்றாக அரைத்த சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு, கடுக்காய் போன்றவை சேர்க்கப்படும். வழுவழுப்பாகப் பளபளக்கும் இப்பூச்சு, பல பத்தாண்டுகளுக்கு வெள்ளையடிக்கத் தேவையில்லாமல் இருக்கும்.

இந்தப் பொருள்களுக்கு இன்னொரு பண்பும் உண்டு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் உதிர்ந்துவிடும், செங்கல் உடையாமல் முழுதாக வரும். மரவேலை, ஒரு மரத்தின் நுனியை மற்றதன் துளையில் செருகிப் பூட்டும் முறையில் அமைந்தது. முறையாகக் கழற்றினால் மரம் பிளவுபடாது. சிமெண்டுக் கட்டிடத்தை இடித்தால் பெரும்பகுதி கழிவாகும். செட்டிநாட்டு வீட்டைப் பிரித்தால் பெரும்பகுதி மறுபடி விற்கத்தக்க பொருளாகும். நூறாண்டு நிலைக்கச் செய்த அதே கட்டுமான முறைதான் வீட்டைப் பிரித்து விற்பதையும் எளிதாக்குகிறது.

வருவாய் நின்றுபோனது

நகரத்தாரின் வெளிநாட்டு முதலீட்டில் பர்மாவுக்கே முதலிடம். 1929–30 காலப் பர்மா மாகாண வங்கியியல் விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்குவதாக மதிப்பிட்டது. கீழைப் பர்மாவின் நெல் விவசாயிகள் நிலத்தை ஈடு வைத்து இவர்களிடம் கடன் பெற்றனர். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பிச் செலுத்த முடியாததால் நிலங்கள் கடன் கொடுத்தவர்களின் கைக்கு மாறின. கீழைப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு; 1937இல் அது சுமார் 25 விழுக்காடு ஆயிற்று.

இது லாபமாகத் தோன்றினாலும் உண்மையில் நெருக்கடியே. சுழலவேண்டிய பணம் விற்க முடியாத நிலமாக முடங்கியது. நிலமிழந்த விவசாயிகளிடையே வெறுப்பும் வளர்ந்தது. 1942இல் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபோது பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா அதே ஆண்டு நிலத் தேசியமயச் சட்டத்தை இயற்றியது. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு, 1963–64இல் வங்கிகளையும் வணிகத்தையும் தேசியமயமாக்கியது. இலங்கையிலும் விடுதலைக்குப் பின் வந்த குடியுரிமைச் சட்டங்களால் தொழில் சுருங்கியது.

சில குடும்பங்கள் முதலீட்டை முன்கூட்டியே இந்தியாவுக்கு மாற்றி ஆலை, வங்கி, கல்வி நிறுவனம் என்று தொடர்ந்தன. பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அடுத்த தலைமுறையினர் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, வெளிநாடு என்று வேலை தேடிச் சென்றனர். பர்மாப் பணத்தில் கட்டிய வீட்டை மாதச் சம்பளத்தில் பராமரிக்க வேண்டிய நிலை உருவானது.

பங்கும் கையெழுத்தும்

செட்டிநாட்டு வீடு ஒருவருக்கு உரியதாக இருப்பது அரிது. கட்டியவரின் வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. எடுத்துக்காட்டாக, கட்டியவருக்கு 4 மகன்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் 3 பிள்ளைகள், அவர்களுக்குத் தலைக்கு 2 பிள்ளைகள் என்று கொண்டால், மூன்றாம் தலைமுறையிலேயே 24 பங்காளிகள் ஆகிவிடுவர். ஓடு மாற்றுவதற்கான செலவை 24 பேரும் ஒப்புக்கொண்டு பகிர வேண்டும். ஒருவர் செலவு செய்தால், அதனால் உயரும் மதிப்பு மற்ற 23 பேருக்கும் சேரும். இதனால் பல வீடுகளில் யாரும் செலவு செய்ய முன்வருவதில்லை.

முன்பு பங்காளிகள் என்றால் ஆண் வாரிசுகளே. 1989இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை அளித்தன. குடியிருக்கும் வீட்டைப் பங்கு பிரிக்கும்படி பெண் வாரிசு தானாகக் கேட்க முடியாது என்று தடுத்திருந்த 23ஆம் பிரிவும் 2005இல் நீக்கப்பட்டது. இது நெடுங்கால அநீதியைத் திருத்திய சட்டம். வீட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவர்களின் எண்ணிக்கையும் அதனால் கூடியது.

பங்காளிகளுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை என்றால் யாரேனும் ஒருவர் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். ஒரே முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வீட்டை 24 துண்டாகப் பிரிப்பது இயலாது. இத்தகைய நிலையில், பாதிக்குக் குறையாத பங்குடையோர் கேட்டால் சொத்தை விற்றுப் பணத்தைப் பகிரும்படி ஆணையிட 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. அவ்வாறு விற்பனை கேட்கப்படும்போது, மற்றப் பங்காளிகள் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளவும் 3ஆம் பிரிவு வழி செய்கிறது. வீட்டைக் காக்க விரும்பும் பங்காளி ஒருவருக்குச் சட்டத்தில் உள்ள முக்கியமான வழி இதுவே. ஆனால் அதற்குக் கையில் பணம் வேண்டும்.

வீட்டை முழுதாக வாங்க ஆள் கிடைப்பதும் கடினம். சிற்றூரில் நிலத்தின் மதிப்பு குறைவு. வாங்குபவருக்கு அத்தனை பெரிய வீடு தேவைப்படுவதும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் தேக்குக்கும் கல்லுக்கும் நகரங்களில் நல்ல விலை உண்டு. முழு வீட்டின் விலையைவிட உதிரிகளின் மொத்த விலை கூடுதலாகும்போது, பிரிப்பதே இலாபம் என்ற கணக்கு வந்துவிடுகிறது. பழைய பர்மாத் தேக்குக்கு மதிப்பு கூடிவந்ததும் இதற்குத் துணைபோயிற்று. 2014 ஏப்ரலில் மியான்மார் அரசு மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது.

பிரிக்கும் முறை

பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டின் கட்டுமானப் பொருள்கள் அனைத்தையும் மொத்த விலைக்குப் பேசி எடுத்துக்கொள்வார். வேலை மேலிருந்து கீழாகவும் உள்ளிருந்து வெளியாகவும் நடக்கும். முதலில் பெட்டகம், நாற்காலி, கண்ணாடி, ஓவியம், பாத்திரம் போன்ற அசையும் பொருள்கள் வெளியேறும். அடுத்துக் கதவு, சன்னல், நிலை. பின்னர் ஓடுகளை இறக்கி, கைமரம், சட்டம், உத்திரம் ஆகியவற்றைக் கழற்றுவர். மேற்பாரம் நீங்கிய பிறகே தூண்களை எடுக்க முடியும். இறுதியில் தரைக்கல், படிக்கல், செங்கல்.

தலைவாசல் நிலையில் கசலட்சுமி முதலிய உருவங்களும் கொடிவேலைப்பாடுகளும் செதுக்கப்பட்டிருப்பதால் அதற்குத் தனி விலை உண்டு. அளவில் பெரிய நிலைகள் சில நேரம் சிறு துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு சிற்பமும் தனித்தனியாக விற்கப்படும். துண்டுகள் வெவ்வேறு கைகளுக்குப் போன பிறகு, அந்த நிலை எந்த ஊரைச் சேர்ந்தது, எந்த வீட்டுக்குரியது என்று கண்டறிவது இயலாததாகிவிடும். சுண்ணாம்புப் பூச்சையும் சுவரில் தீட்டிய ஓவியங்களையும் கழற்றி எடுக்க முடியாது. அவை சுவரோடு அழியும்.

காரைக்குடியின் முனீசுவரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் பெயர் பெற்றது. பித்தளைப் பாத்திரம், எனாமல் தூக்கு, மரப்பாச்சி, கடிகாரம், பழைய விளம்பரத் தகடு முதல் தூண், கதவு வரை இங்கே விற்கப்படுகின்றன. பெரிய மரப் பொருள்கள் புதிய வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் அலங்காரமாகச் செல்கின்றன.

வீட்டோடு அழிபவை

விலைக்குப் போகாத பொருள்களே ஆய்வாளர்களுக்குப் பெரிய இழப்பு. நகரத்தார் வீடுகளில் பேரேடு, குறிப்பு, ஐந்தொகை முதலிய கணக்கு ஏடுகளும், வெளிநாட்டுக் கடைகளில் இருந்து வந்த கடிதங்களும், திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானமும், மொய் ஏடுகளும் பெட்டிபெட்டியாக இருந்தன. தென்கிழக்காசியாவின் பொருளாதார வரலாற்றுக்கு இவை முதன்மைச் சான்றுகள். வீட்டைப் பிரிக்கும்போது இவை பழைய தாளாக எடைக்குப் போய்விடுவது உண்டு.

தாள்கள் காக்கப்பட்டால் என்ன பயன் விளையும் என்பதற்குக் கோட்டையூர் சான்றாகும். அவ்வூரைச் சேர்ந்த ரோசா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் திரட்டிய தமிழ் நூல்கள், இதழ்கள், அறிக்கைகள் ஆகியவை ஏறத்தாழ 1 லட்சம். அவர் 1992இல் மறைந்த பிறகு, சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதும் எவரும் அந்நூலகத்தைத் தவிர்க்க முடியாது.

சடங்கும் இடம் இழக்கிறது. முன்னோருக்கு ஆண்டுதோறும் நடத்தும் படைப்பு, பங்காளிகள் அனைவரும் ஊருக்கு வந்து கூடும் நிகழ்வு. வெவ்வேறு நாடுகளில் வாழ்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒன்றுசேர்ப்பது பல குடும்பங்களில் அந்த வீடுதான். தெருவும் மாறுகிறது. இரு தெருக்களையும் தொடும் வீடு ஒன்று மறையும்போது இரு தெருக்களிலும் இடைவெளி விழுகிறது. அங்கே வரும் புதிய கட்டிடம் பழைய முகப்பு வரிசையையும் வடிகாலையும் கணக்கில் கொள்வதில்லை.

சட்டப் பாதுகாப்பு

1958ஆம் ஆண்டின் மையச் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத, தேசிய முக்கியத்துவம் உள்ள நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கிறது. மாநில முக்கியத்துவம் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. இரண்டும் தனித்தனியாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே பொருந்தும். ஆயிரக்கணக்கான தனியார் வீடுகளைக் கொண்ட ஒரு நிலப்பரப்புக்காக எழுதப்பட்டவை அல்ல. மரபுக் கட்டிடங்களுக்கென 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் பல ஆண்டுகள் அது நடைமுறைக்கு வராமலே இருந்தது.

2014இல் "செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுதிகள்" என்ற பெயரில் இப்பகுதி யுனெசுக்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டதாகப் பலர் தவறாகக் கருதுகின்றனர். தற்காலிகப் பட்டியல் என்பது, பிற்காலத்தில் பரிந்துரைக்க நாடு எண்ணியுள்ள இடங்களின் பட்டியல் மட்டுமே. அதனால் எந்த வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

வீட்டைவிட அதன் பகுதிகளுக்குச் சட்டம் கூடுதல் கவனம் தருவது வியப்பான உண்மை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப் பொருளும், கட்டிடத்தில் இருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வணிகம் செய்ய உரிமம் வேண்டும். 1900இல் கட்டிய வீட்டின் தூண் 2000இல் இந்த வரையறைக்குள் வந்தது. 1920களில் கட்டியவை ஒவ்வொன்றாக இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அதாவது, தூணை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. அறிவிக்கப்படாத தனியார் வீடாக இருந்தால், தூண் நிற்கும் வீட்டைப் பிரிக்க இச்சட்டத்தில் தடை இல்லை.

பொதுக் கட்டிடங்களோடு ஒப்பீடு

அரசுக்குச் சொந்தமானதாக இருந்தால் கட்டிடம் தப்பிவிடும் என்றும் கூற முடியாது. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், ஆங்கிலேய ஆளுநர்கள் வாழ்ந்த பழைய அரசினர் மாளிகை இருந்தது. பொதுத் தேர்தலுக்குப் பின் 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் கூடிய அரங்கமும் அதே தோட்டத்தில் இருந்தது. அது பின்னாளில் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது. புதிய தலைமைச் செயலக வளாகத் திட்டத்தின்போது, 2000களின் இறுதியில் இவை இடிக்கப்பட்டன. இராசாசி மண்டபம் மட்டும் நிற்கிறது. 2010 மார்ச்சு 13 அன்று திறக்கப்பட்ட புதிய சட்டமன்றக் கட்டிடம், ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2014இல் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாறியது. எந்தப் பயனுக்காகப் பழைய கட்டிடங்கள் இடிக்கப்பட்டனவோ, அப்பயன் அங்கே நிலைக்கவில்லை.

ஆனால் பொதுக் கட்டிடத்துக்காக வழக்காடுவது எளிது. அண்ணா சாலையில் உள்ள பாரத் காப்புறுதிக் கட்டிடத்தை இடிக்கும் பணி 2006இல் தொடங்கியபோது, இன்டாக் அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்ததோடு, மரபுக் கட்டிடங்களுக்கான குழுவை அமைக்கவும் பணித்தது. செட்டிநாட்டில் ஒரு குடும்பம் தன் வீட்டை விற்பதை எதிர்த்து இதுபோல் வழக்குத் தொடுக்க வெளியாருக்கு இடமில்லை. அங்கே பாதுகாப்பு என்பது உரிமையாளரின் விருப்பத்தையும் பொருளாதாரத்தையும் பொறுத்தது.

வெளிநாடுகளிலும் இழப்பே பலமுறை சட்டத்துக்கு வழிவகுத்திருக்கிறது. நியூயார்க்கின் பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையம் 1963இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. அதனால் எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக 1965இல் அந்நகரம் மரபுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நகரத்தார் தொழில் நடத்திய பினாங்கின் சார்ச்சு டவுன் 2008இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. அங்குள்ள சியோங் பாட் சே என்னும் சீன வணிகரின் மாளிகை, குடும்பத்தாரிடம் இருந்து வாங்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, 2000இல் யுனெசுக்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. இன்று அது தங்கும் விடுதியாக இயங்குகிறது.

காக்கப்பட்ட வீடுகள்

செட்டிநாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம், கொத்தமங்கலத்தின் சாரதா விலாசு, கடியாபட்டியின் சிதம்பர விலாசு ஆகியவை மரபு விடுதிகளாக இயங்குகின்றன. பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் மிசேல் அட்மோன், பெர்னார் திராகோன் ஆகியோர் சாரதா விலாசைப் புதுப்பித்ததுடன், செட்டிநாட்டு மரபை ஆவணப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டனர். திரைப்படப் படப்பிடிப்புக்கு வீட்டை வாடகைக்கு விடுவதும் சில குடும்பங்களுக்குப் பராமரிப்புச் செலவை ஈடுகட்டுகிறது. ஆயினும் எல்லா வீடுகளும் விடுதியாக முடியாது. பயணிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு.

பிரிப்பதைத் தவிர்க்க முடியாத நிலையில் இடம் மாற்றிக் காப்பது இன்னொரு முறை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. இவ்வாறு செய்யும்போது ஊரும் தெருவும் ஊரணியும் உடன் வருவதில்லை. எனினும் தூணும் நிலையும் தத்தம் இடத்திலேயே இருப்பதால், வீட்டின் அமைப்பைக் காண்போர் புரிந்துகொள்ள முடிகிறது.

மூன்றாவது முறை ஆவணப்படுத்தல். வீட்டின் தரைப்படத்தை அளந்து வரைதல், ஒவ்வோர் அறையையும் ஒளிப்படம் எடுத்தல், நிலையிலும் தூணிலும் உள்ள வேலைப்பாடுகளைப் பதிவு செய்தல், அங்கு வாழ்ந்த முதியோரிடம் அறைகளின் பெயரையும் பயனையும் கேட்டு எழுதுதல், கணக்கு ஏடுகளையும் கடிதங்களையும் நூலகத்திடம் ஒப்படைத்தல் ஆகியவை இதில் அடங்கும். கட்டிடத்தைக் காப்பதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கட்டிடக் கலை, வரலாறு பயிலும் மாணவர்கள் உரிமையாளரின் ஒப்புதலுடன் இப்பணியைச் செய்ய முடியும்.

கானாடுகாத்தானின் செட்டிநாட்டு அரண்மனை, காரைக்குடியில் 1941இல் கட்டப்பட்ட ஆயிரம் சன்னல் வீடு போன்ற புகழ்பெற்ற மாளிகைகள் பயணிகளின் பார்வையில் இருப்பதால் அவற்றின் நிலையைப் பலரும் அறிவர். பெயர் தெரியாத ஊர்களில், பூட்டிய கதவுக்குப் பின்னால், கூரையில் ஒரு ஓடு உடைந்து மழைநீர் இறங்கும் வீடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒழுகும் நீர் கைமரத்தையும், பின்னர் உத்திரத்தையும் கெடுக்கிறது. அதன் பிறகு அவ்வீட்டைப் பழுது பார்ப்பதைவிடப் பிரிப்பது மலிவாகிறது. ஆகவே ஒரு வீட்டின் முடிவு பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வந்த அன்று தொடங்குவதில்லை. உடைந்த ஓட்டை மாற்றப் பங்காளிகளிடையே உடன்பாடு ஏற்படாத ஆண்டில் தொடங்குகிறது.